உங்க அப்பா சம்பளம் எவ்வளவு?

நாமக்கல்லில் அக்கா வீட்டு ஹாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, நான் அமெரிக்க விசா அதிகாரியாக உட்கார்ந்திருந்தேன். எதிரே அக்கா மகன் நின்றுகொண்டிருந்தான். நிஜ இன்டர்வியூவிலும் நிற்கத்தான் வேண்டும் என்பதால் உட்கார விடவில்லை. இந்த யுனிவர்சிட்டியை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று இங்கிலீஷில் கேட்டேன். மடை திறந்துகொண்டது. உலகத் தரம், தலைசிறந்த பேராசிரியர்கள், பல நாட்டு மாணவர்கள், ஆராய்ச்சி வசதிகள் என்று ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்தான். பத்தாம் வகுப்பில் மனப்பாடச் செய்யுள் ஒப்பித்த அதே ராகம்.

"சரி, உங்க அப்பா வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறார்?"

ராகம் நின்றது. அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான். அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை ஹால் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மச்சான் மேல் போய் நின்றது. மச்சான் பக்கத்தைப் புரட்டினார்.

"நாப்பது லட்சம்னு சொல்லச் சொல்லி கன்சல்டன்சில சொல்லிக் குடுத்தாங்க மாமா" என்றான், குரலைத் தாழ்த்தி.

"அது அவங்க சொல்றது. நிஜமா எவ்வளவு?"

"தெரியாதுங்க மாமா."

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் சென்னையில் அவனுக்கு விசா மறுக்கப்பட்டிருந்தது. அங்கேயும் இதே கேள்வி வந்திருக்கிறது. நாற்பது லட்சம் என்று சொல்லியிருக்கிறான். என்ன தொழில் என்று அடுத்த கேள்வி. பிசினஸ். என்ன பிசினஸ்? கோழிப்பண்ணை. எத்தனை கோழி? அந்தக் கேள்விக்குக் கன்சல்டன்சி பதில் எழுதித் தரவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்தக் கோழிகளின் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு எண்ணிக்கை தெரியவில்லை. பாஸ்போர்ட்டோடு ஒரு தாளையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த ராத்திரிதான். அமெரிக்காவில் படிக்கப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு ஜி.ஆர்.இ.க்குப் பயிற்சி உண்டு, டோஃபலுக்கு உண்டு, விண்ணப்பக் கட்டுரை எழுதிக் கொடுக்கவும் ஆள் உண்டு. விசா இன்டர்வியூவுக்கு மட்டும் பயிற்சி என்ற பெயரில் கேள்வி-பதில் நோட்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கும் அதுதான் பழக்கம். ஒன்றாம் வகுப்பிலிருந்து அண்ணா யுனிவர்சிட்டி செமஸ்டர் வரை எல்லாவற்றையும் நோட்ஸ் வைத்துத் தாண்டியவர்கள் நாம். கேட்கப்போகும் கேள்வியில் பாதி வீட்டைப் பற்றியது. வீட்டுக்கு நோட்ஸ் கிடையாது.

ஜெமினியில் மூன்று நிமிடம்

இந்தியாவில் விசா வரிசைகள் பல இடத்தில் உண்டு என்றாலும், தமிழ்நாட்டுக்காரனுக்கு அமெரிக்க விசா என்றால் சென்னை ஜெமினி முனைதான். அங்கேயுள்ள அண்ணா மேம்பாலம் 1973-ல் திறக்கப்பட்டது. அதற்கு நான்கு வருடம் முன்னாலேயே, 1969-ல், அமெரிக்கத் துணைத் தூதரகம் அந்த முனைக்கு வந்துவிட்டது. உறவு அதற்கும் பழையது. ஜார்ஜ் வாஷிங்டன் அதிபராக இருந்த 1794-லேயே மெட்ராஸுக்கு ஒரு தூதரகப் பிரதிநிதியை அமெரிக்கா நியமித்திருக்கிறது. ஜெமினி ஸ்டுடியோ போயிற்று. கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் போய், அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. தூதரக வாசலில் விடிகாலையில் ஃபைலோடு நிற்கும் கூட்டம் மட்டும் போகவில்லை. கேரளா, கர்நாடகா, புதுச்சேரி, அந்தமான், லட்சத்தீவுக்காரர்களும் இங்கே வருகிறார்கள். 2025 ஜனவரியில் பெங்களூரில் ஒரு தூதரகம் தொடங்கிவைத்தார்கள். விசா வேலை இல்லாமல்தான் தொடங்கினார்கள்.

அந்த வாசலில் கவனித்துப் பாருங்கள், யார் மாணவர் என்று கேட்கவே வேண்டாம். புதுச் சட்டை, நெற்றியில் லேசாக விபூதி, கையில் மூன்று அங்குல தடிமனுக்கு ஒரு ஃபைல். பக்கத்தில் அப்பா. அம்மா பெரும்பாலும் சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள விசா பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். ஹைதராபாத் பக்கத்துச் சிலுக்கூர் பாலாஜிக்கு 'விசா பாலாஜி' என்று பெயர் என்றால் நம்மிடம் பிள்ளையார் இருக்கிறார். போனை உள்ளே கொண்டுபோக முடியாது. பெற்றோரும் உள்ளே வர முடியாது. பதினெட்டு வயதைத் தாண்டிய பிள்ளை தனியாகத்தான் போகவேண்டும். பல வீடுகளில் அந்தப் பிள்ளை ஒரு அரசு அலுவலகத்துக்குள் தனியாக நுழைவது அன்றைக்குத்தான் முதல் தடவை.

உள்ளே சோதனை, கைரேகை சரிபார்ப்பு, வரிசை எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு கண்ணாடி ஜன்னல். ரயில்வே டிக்கெட் கவுண்டர் மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நீங்கள், நடுவில் ஒரு மைக். இன்டர்வியூ என்ற சொல்லைக் கேட்டதும் வட்டமேசையும் மூன்று நாற்காலியும் மனதில் வருகிறது. அப்படி எதுவும் இல்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து. வீட்டுப் பத்திரம், நகை மதிப்பீடு, ஆடிட்டர் சான்றிதழ் எல்லாம் அடங்கிய அந்தத் தடி ஃபைலை அதிகாரி கையில்கூட வாங்காமல் அனுப்புவது சர்வ சாதாரணம். பாஸ்போர்ட்டையும், யுனிவர்சிட்டி கொடுத்த ஐ-20 சேர்க்கைப் படிவத்தையும் பார்ப்பார். மீதி நேரம் முழுக்க உங்கள் முகத்தையும் எதிரே உள்ள கம்ப்யூட்டர் திரையையும்தான் பார்ப்பார்.

திரையில் இருப்பது டி.எஸ்-160. நீங்கள் நிரப்பிய விண்ணப்பம். நீங்கள்தான் நிரப்பினீர்களா என்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சந்தேகத்தில் தொடங்கும் சட்டம்

அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் 1952-ல் வந்தது. அதில் 214(பி) என்றொரு பிரிவு. டெலிகிராம் குரூப்புகளில் 'டூ ஃபோர்ட்டீன் பி' என்று பிள்ளைகள் கெட்ட வார்த்தை மாதிரிச் சொல்வது இதைத்தான். நம் கோர்ட்டில் குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதி. இங்கே தலைகீழ். மாணவர் விசா போன்ற தற்காலிக விசா கேட்டு வரும் எவரும், அங்கேயே தங்கிவிடத்தான் வந்திருக்கிறார் என்று சட்டம் முதலிலேயே முடிவு கட்டிவிடுகிறது. அந்த எண்ணம் இல்லை என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படும்படி காட்டவேண்டியது விண்ணப்பிப்பவர் பொறுப்பு. காட்டுவதற்குத்தான் அந்த மூன்று நிமிடம்.

மறுத்தால் அப்பீல் கிடையாது. தூதரக அதிகாரியின் விசா முடிவில் பொதுவாகக் கோர்ட் தலையிடுவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் ஒரு வழக்கில் இதைத் திரும்பவும் உறுதிசெய்தது. மறுப்புத் தாளில் தனிப்பட்ட காரணமும் இருக்காது. எல்லோருக்கும் ஒரே அச்சு வாசகம். ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப விண்ணப்பிக்கலாம். விசா கட்டணம் 185 டாலர் மறுபடி கட்டவேண்டும். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர். மறுக்கப்பட்டால் அடுத்த 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு அதையே பயன்படுத்தலாம். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே இரண்டும் சேர்ந்து 45 ஆயிரம்.

221(ஜி) என்று எழுதிய தாள் வந்தால் அது வேறு. இன்னொரு ஆவணம் வேண்டும், அல்லது உள்ளே ஏதோ சரிபார்ப்பு நடக்கிறது என்று பொருள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலிலேயே அழுது தீர்த்தவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம், தாளை முழுக்கப் படியுங்கள்.

உலகம் முழுக்க 2024 நிதியாண்டில் எஃப்-1 மாணவர் விசா கேட்டவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு மறுப்பு. அதே காலத்தில்தான் அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையில் சீனாவை முந்தி இந்தியா முதலிடத்துக்கு வந்தது. 2024-25 கல்வியாண்டில் அங்கே இருந்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். ஆக, கதவு மூடியும் இல்லை, விரியத் திறந்தும் இல்லை.

அதிகாரி தேடுவது மூன்று. நிஜமாகவே படிக்கப் போகிறாயா? படிக்கப் பணம் இருக்கிறதா? படிப்பு முடிந்தால் திரும்பும் எண்ணம் உண்டா? கேள்விகள் எந்த உருவத்தில் வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சுற்றிவரும். எத்தனை யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பித்தாய், எத்தனை அட்மிட், எத்தனை ரிஜெக்ட், இந்தப் படிப்பை இந்தியாவில் படித்தால் என்ன, செலவு யார், அண்ணன் எங்கே இருக்கிறான், நான்காவது செமஸ்டரில் ஏன் இரண்டு அரியர் என்று நீளும்.

அரியர் கேள்விக்கு என் மருமகன் நோட்ஸில் பத்து வரிப் பதில் இருந்தது. குடும்பச் சூழல், உடல்நிலை, அதன்பின் மீண்டெழுந்த வரலாறு. நிஜத்தில் என்ன என்று கேட்டேன். "கிரிக்கெட் டோர்னமென்ட்டுங்க மாமா." அதைச் சொல் என்றேன். அந்த செமஸ்டர் விளையாடித் திரிந்தேன், அடுத்த செமஸ்டரில் இரண்டையும் பாஸ் செய்துவிட்டேன் என்று இங்கிலீஷில் இரண்டு வரி. சொல்லும்போது அவன் குரல் மாறியது. முதல் தடவையாக அன்றைக்கு ஒரு மனிதன் பேசுவது போலிருந்தது.

மனப்பாடம் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாளில் நூறு பேர் வரை பார்க்கும் அதிகாரிக்கு, ஒரே கன்சல்டன்சியிலிருந்து வந்த ஏழு பேர் ஒரே 'உலகத் தரம்' சொன்னால் தெரியாதா? அந்த அதிகாரிகளில் பலர் தூதரக வேலைக்குப் புதிதாக வந்த இளைஞர்கள். அமெரிக்க வெளியுறவுப் பணியில் சேர்பவர்கள் ஆரம்ப வருடங்களில் விசா ஜன்னலில் உட்காருவது வழக்கம். அதாவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு நேர்முகத் தேர்வு நடந்திருக்கும். இதை அவனிடம் சொன்னபோது கொஞ்சம் பயம் தெளிந்தது.

முட்டைக் கணக்கு

மறுபடி அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

தமிழ்க் குடும்பத்தில் அப்பாவின் வருமானம் ஒரு ராணுவ ரகசியம். அம்மாவுக்கு மேலோட்டமாகத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது. கேட்டால் 'படிக்கிற வேலையைப் பாரு' என்று பதில் வரும். கஷ்டம் பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்கிற பாசம் பாதி. கடன் எவ்வளவு என்று தெரிந்தால் மரியாதை போய்விடுமோ என்கிற கூச்சம் பாதி. அப்படிப் பொத்தி வைத்த விஷயத்தைத்தான் முன்பின் தெரியாத ஒருவர் மைக்கில் கேட்கிறார். பிள்ளை முழிக்கிறது. அந்த முழிப்பை அதிகாரி எப்படி எடுத்துக்கொள்வார்? தன் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதவன், யாரோ சொல்லி வந்திருக்கிறான் என்றுதான்.

"மச்சான், அவனுக்குக் கணக்கைச் சொல்லிடுங்க" என்றேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் இல்லை. அக்காதான் உடைத்தாள். "சொல்லுங்க. நாளைக்கு லோன் கட்டப் போறவன் அவன்தானுங்களே?"

மச்சான் பேப்பரை மடித்து வைத்தார். பழைய டைரி ஒன்றை எடுத்துவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பண்ணையில் முப்பதாயிரம் கோழி. நாளொன்றுக்கு சுமார் இருபத்தையாயிரம் முட்டை. விலை நம் கையில் இல்லை. முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கிற விலைதான். பத்துக் காசு ஏறினால் அன்றைக்கு இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் கூட, இறங்கினால் அவ்வளவும் போச்சு. மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறினால் தீவனச் செலவு தின்றுவிடும். எல்லாம் போக வருடச் சராசரியில் முட்டைக்கு இருபது காசு நின்றால் அது நல்ல வருடம். பெருக்கிப் பார்த்தால் பதினெட்டு லட்சம். ஒன்றும் நிற்காத வருடமும் உண்டு. வருமான வரிக் கணக்கு மூன்று வருடத்துக்கு மூன்று விதமாக இருந்தது.

"அப்ப நாப்பது லட்சம்னு ஏன் சொல்லச் சொன்னாங்க?" என்று அவன் கேட்டான்.

"அவங்களுக்கு உன்ன மாதிரி நூறு பேரு. எல்லாத்துக்கும் ஒரே நம்பர்" என்றார் மச்சான்.

யுனிவர்சிட்டி அனுப்பிய ஐ-20-ல் முதல் வருடச் செலவு 46,000 டாலர் என்று இருந்தது. ஏறக்குறைய முப்பத்தொன்பது லட்சம் ரூபாய். நாற்பது லட்சம் வருமானம் என்று கன்சல்டன்சி கோட்டை கட்டியது இந்த எண்ணுக்கு மேலே ஒரு எண் வேண்டும் என்பதற்காக. ஆனால் அதிகாரி கேட்பது ஒரே வருடத்தில் அவ்வளவு சம்பாதிக்கிறாயா என்பதை அல்ல. முதல் வருடச் செலவுக்குக் கையில் பணம் தயாராக இருக்கவேண்டும். அடுத்த வருடத்துக்கு வழி தெரியவேண்டும். கல்விக் கடன் அனுமதிக் கடிதம், சேமிப்பு, உதவித்தொகை எதுவானாலும் சரி. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கான மத்திய, மாநில அரசுகளின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை கிடைத்தவர்கள் அந்த ஆணையையே முதலில் எடுத்துக் காட்டலாம். அதைவிட உறுதியான பணம் எது?

இங்கே வீடும் பக்கத்துத் தோட்டமும் அடமானமாகி, ஒரு பொதுத்துறை வங்கியில் முப்பத்தைந்து லட்சம் கடன் அனுமதியாகியிருந்தது. வட்டி பத்தரை சதவீதம், பத்து வருடத் தவணை என்று போட்டால் மாதம் சுமார் 47,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி ஏறினால் இன்னும் கூடும். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி அவன் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். தோட்டம் அடமானத்தில் இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திரும்பி வருவியா?

இனி கஷ்டமான கேள்வி. படித்து முடித்ததும் என்ன செய்வாய்?

கன்சல்டன்சி நோட்ஸ்: 'இந்தியாவுக்குத் திரும்பி வந்து என் நாட்டுக்குச் சேவை செய்வேன்.' சொல்பவனும் நம்புவதில்லை, கேட்பவரும் நம்புவதில்லை. முதுகலை முடித்தால் ஓ.பி.டி. என்று 12 மாதம் அங்கே வேலை பார்க்க மாணவர் விசாவிலேயே வழி உண்டு. அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம். கடன் வாங்கிப் போகிற பிள்ளை இந்தக் கணக்கைப் போடாமல் போவதில்லை என்பது அதிகாரிக்கும் தெரியும். இது சட்டம் கொடுத்த வழி, குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்க வாழ்க்கையைத் தவிர வேறு எதையும் யோசித்ததே இல்லை என்பது வாயிலிருந்து வந்துவிட்டால் 214(பி) காத்திருக்கிறது. இந்த இரட்டை வேஷத்தைப் பிள்ளைகள் தலையில் சுமத்தியது சட்டம்தான். எனக்கு அதில் கோபம் உண்டு.

இருந்தாலும் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரிகளின் வழிகாட்டியில் ஒரு நியாயமும் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. இருபது வயது மாணவனிடம் சொந்த வீடும் வேலையும் மனைவி மக்களும் எதிர்பார்க்க முடியாது. விண்ணப்பிக்கும் அந்த நேரத்தில் அவன் எண்ணம் என்ன என்பதைப் பார் என்பது அதன் சாரம்.

என் கேள்வியை வேறு மாதிரிப் போட்டேன். "அங்க வேலையே கிடைக்கல. திரும்பி வந்துட்ட. மாசம் நாப்பத்தேழாயிரம் எப்படிக் கட்டுவ?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். மெக்கானிக்கல் படித்தவன், சேரப்போவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். பண்ணையில் தீவனம் கலக்கும் மிஷினிலிருந்து முட்டை அட்டை அடுக்குவது வரை எத்தனை இடத்தில் வீணாகிறது என்று தானே பேச ஆரம்பித்தான். நாமக்கல்லில் எத்தனை பண்ணை, எத்தனை லாரி, ஏற்றுமதிக்குப் போகும் முட்டையில் எத்தனை உடைகிறது. மச்சான் இரண்டு இடத்தில் குறுக்கிட்டுத் திருத்தினார். அந்த உரையாடலில் என்னை இருவரும் மறந்துவிட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த யுனிவர்சிட்டி, திரும்பி வந்து என்ன என்ற மூன்று கேள்விக்கும் பதில் அதில் வந்துவிட்டது. அந்தத் துறையில் உணவு உற்பத்தி பற்றிய ஒரு பாடம் இருப்பதை அவன் வெப்சைட்டில் தேடிக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான். மூன்று மாதமாக அந்த யுனிவர்சிட்டியைப் புகழ்ந்துகொண்டிருந்தவன் அதன் பாடத்திட்டத்தை அதுவரை திறந்து பார்த்ததில்லை.

கையெழுத்து யாருடையது?

டி.எஸ்-160-ஐப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னேன். பெரும்பாலும் அதை நிரப்புவது கன்சல்டன்சியில் இருக்கும் ஒரு டைப்பிங் பெண். கடைசியில் 'கையெழுத்திடுக' என்ற பட்டனை அழுத்துவதும் அவரே. பிழை இருந்தால் பொறுப்பு மாணவனுக்கு. என் மருமகன் விண்ணப்பத்தில் அமெரிக்காவில் உறவினர் இல்லை என்று இருந்தது. நியூஜெர்சியில் மச்சானின் தங்கை இருக்கிறாள்! அந்தக் கேள்வி கேட்பது கூடப்பிறந்தவர் போன்ற நெருங்கிய உறவுகளைத் தனியாக, மற்ற உறவுகளைத் தனியாக. இரண்டாவதற்கு 'இல்லை' என்று தட்டிவிட்டிருக்கிறார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் ஜன்னலில் 'அத்தை இருக்கிறார்' என்று அவன் சொல்லியிருந்தால் திரையில் வேறு பதில் நின்றிருக்கும்.

தவறு வேறு, பொய் வேறு. போலி மதிப்பெண் சான்றிதழ், போலி வேலை அனுபவம், போலி வங்கிக் கடிதம் கொடுத்தது தெரிந்தால் அது 214(பி) இல்லை. மோசடிக்கான தனிப் பிரிவு. வாழ்நாள் முழுக்கத் தடை. பணம் 'காட்டுவதற்கு' என்றே ஒரு தொழில் நடக்கிறது. சில வாரத்துக்கு உங்கள் கணக்கில் இருபது லட்சம் போட்டு, வட்டியோடு எடுத்துக்கொள்வார்கள். இங்கிலாந்து விசாவுக்குப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்கவேண்டும் என்று விதி இருப்பதால், அதற்கென்றே 28 நாள் வாடகை. வந்த வேகத்தில் போகும் பணத்தை வங்கிக் கணக்கு காட்டிக்கொடுக்கும் என்பதை வாடகைக்கு விடுபவர் சொல்லமாட்டார்.

'விசா கியாரண்டி' என்று போர்டு வைத்தால் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுங்கள். தூதரகத்துக்கே நாளைக்கு யாருக்கு விசா என்று தெரியாது. இன்டர்வியூ ஸ்லாட் விற்பவர்களும் அப்படியே. 2025 மார்ச்சில், கம்ப்யூட்டர் நிரல் வைத்துப் பிடித்த சுமார் இரண்டாயிரம் அப்பாயின்ட்மென்ட்டுகளை இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ஒரே வீச்சில் ரத்து செய்தது. யுனிவர்சிட்டியையும் சரிபாருங்கள். மிச்சிகனில் ஃபார்மிங்டன் யுனிவர்சிட்டி என்று ஒன்று இருந்தது. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. 2019-ல் தெரியவந்தது, அதை நடத்தியதே அமெரிக்கக் குடியேற்றத் துறை என்று. பொறியில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள்.

சோஷியல் மீடியா பற்றி ஒரு வார்த்தை. 2025 மே கடைசியில் புது மாணவர் விசா அப்பாயின்ட்மென்ட்டுகளை அமெரிக்கா நிறுத்திவைத்தது. ஜூன் 18-ல் திரும்பத் தொடங்கியபோது ஒரு நிபந்தனையோடு வந்தது: மாணவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி 'பப்ளிக்' ஆக வைக்கவேண்டும். ஐந்து வருடத்தில் பயன்படுத்திய கணக்குப் பெயர்கள் டி.எஸ்-160-ல் கேட்கப்படுகின்றன. நம் பையன்கள் அங்கே என்ன எழுதி வைத்திருக்கிறார்கள்? விஜய், அஜித் சண்டைதான் முக்கால்வாசி. அதனால் விசா போகாது என்று நம்புகிறேன். பயந்துபோய்க் கணக்கையே அழித்துவிட்டு, 'இல்லை' என்று எழுதுவதுதான் ஆபத்து. இருப்பதை இருக்கிறது என்று எழுதுங்கள்.

இங்கிலீஷ் பயம் உள்ளவர்களுக்கு: தப்பில்லாத இங்கிலீஷ் யாரும் கேட்கவில்லை. தமிழ் வழியில் படித்து, முதல் பட்டதாரியாக வந்து, விசா வாங்கிப் போனவர்கள் ஏராளம். மைக்கில் கேள்வி புரியவில்லை என்றால் திருப்பிக் கேளுங்கள். புரியாத கேள்விக்கு மனப்பாடப் பதிலைச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துங்கள். நிறுத்தியபின் வரும் அமைதி உங்களை ஒன்றும் செய்யாது. அதிகாரி டைப் அடித்துக்கொண்டிருப்பார்.

மறுபடி ஜெமினி

ஜனவரி வகுப்புக்குச் சேர்க்கையை மாற்றிக்கொண்டு, நவம்பரில் மறுபடி போனான். ஃபைல் இந்தத் தடவை மெலிந்திருந்தது. பாஸ்போர்ட், ஐ-20, டி.எஸ்-160, செவிஸ் ரசீது, மார்க் ஷீட், கடன் கடிதம், மூன்று வருட வருமான வரிக் கணக்கு, அவ்வளவுதான். டி.எஸ்-160-ஐ அவனே நிரப்பினான். முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றுதான் எழுதினான். அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. நானும் மச்சானும் வெளியே நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மச்சான் மேம்பாலத்துக்குப் பக்கத்துக் குதிரைச் சிலையைப் பார்த்துக்கொண்டே, ஒரு மணி நேரத்தில் மூன்று டீ குடித்தார்.

வெளியே வந்தவன் சொன்னது இது. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று முதல் கேள்வி. போன தடவை அப்பாவின் வருமானத்தைத் தப்பாகச் சொன்னேன், இப்போது கணக்கைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்றான். எவ்வளவு? நல்ல வருடத்தில் பதினெட்டு லட்சம், போன வருடம் அதில் பாதிகூட இல்லை. ஏன்? தீவன விலை. எத்தனை கோழி? முப்பதாயிரம். முட்டை விலையை யார் முடிவு செய்வது என்று அந்த அதிகாரி கேட்டாராம். அது விசாவுக்கான கேள்வியா, சும்மா ஆசைக்குக் கேட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்கிறான். கடன் எவ்வளவு, எதை வைத்து? முப்பத்தைந்து லட்சம், தோட்டமும் வீடும். பாஸ்போர்ட்டை அதிகாரி தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

யுனிவர்சிட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரியே மூவரும் பஸ் ஏறினோம். விடிகாலையில் நாமக்கல்லில் இறங்கியதும் மச்சான் வீட்டுக்கு வராமல் நேராகப் பண்ணைக்குப் போனார். அவரோடு அவனும் போனான். அன்றைக்கு முட்டை விலை ஐந்து காசு இறங்கியிருந்தது.